'பால் பத்தலை' என்று சொல்வதற்கு முன்: பச்சை உடம்புக்காரிக்குத் துணையிருப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைச் சுற்றி யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஆயா ஒன்று சொல்வார், மாமியார் போனில் வேறொன்று சொல்வார், பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி மூன்றாவதாக ஒன்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை மாரைப் பிடித்ததிலிருந்து தானாக விடும்வரை, ஒரு முழு வேளை வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். பிள்ளை பெற்ற பெண்களிடம் எது உதவியாக இருந்தது என்று கேட்டால் பலரும் அந்த ஆளைத்தான் சொல்வார்கள். எது நோகடித்தது என்று கேட்டால், கேட்காமல் மாரைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு "பாலே இல்லையே" என்று சொன்னதைத்தான் சொல்வார்கள்.

பக்கத்தில் உட்காரப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதற்கான குறிப்பு இது.

ஒரே ஒரு ஆள்

எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்: முதல் இரண்டு வாரம் பால் விஷயத்தில் பேசப்போவது யார்? அம்மா, அக்கா, அத்தை, யாராக இருந்தாலும் சரி, ஒருவர்தான். மற்றவர்கள் அவரிடம் சொல்லலாம், தாயிடம் நேரே சொல்லக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் இதைச் சொல்வது கடினம்தான். வீட்டில் மூத்தவரையே அந்த ஆளாக நியமித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

காம்பை இழுத்துவிடுவது, எண்ணெய் போட்டுத் தேய்ப்பது எல்லாம் கர்ப்ப காலத்தில் தேவையில்லை. காம்பு உள்ளிழுத்திருந்தாலும் பிள்ளை குடிக்கும். அது பிடிப்பது காம்பை மட்டும் இல்லை, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து. பிறந்த பிறகும் பிடிக்கச் சிரமப்பட்டால் 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை வெட்டிய பக்கம் வழியாகச் செருகுங்கள். வெட்டாத வழவழப்பான வாயைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்துவிட்டு, உடனே பால் கொடுக்க வேண்டும். வலித்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்.

முதல் மணி நேரமும் சேனையும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்த சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருப்பார். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அறுவை அறையிலேயே பிள்ளையை நெஞ்சில் போடலாம். "ஆபரேஷன்னா மூணு நாளைக்குப் பால் வராது" என்பது தவறு. பால் பெருகுவது கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் சீம்பால் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் 24 மணி நேரத்தில் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60. சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொட்டுதான் அன்றைய முழுச் சாப்பாடு.

பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தில் தேனும் சர்க்கரைத் தண்ணீரும்தான் வில்லங்கம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகும். சர்க்கரைத் தண்ணீர் பசியை அடக்கிவிடும், பிள்ளை மாரைத் தேடாது. வழக்கத்தை விட மனமில்லையென்றால் ஒரு வழி உண்டு: தாயின் சீம்பாலை இரண்டு சொட்டு வெள்ளிச் சங்கில் பீய்ச்சி, வீட்டில் பெரியவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதையே வைக்கட்டும். சங்கைப் பல்பொடி போட்டுத் தேய்த்தால் மூக்குப் பகுதியில் பொடி தங்கும். சோப்பு நீரில் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைத்த பிறகே பிள்ளை வாயில் படலாம். தெருவில் வரும் கழுதைப்பால், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து, ஓ.ஆர்.எஸ். போன்றவை இந்தக் கணக்கில் வராது.

பிடிமானம்

நாங்கள் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். புண், பால்கட்டு, எடை ஏறாதது, 'பத்தலை' என்ற பயம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வேர் பிடிமானத்தில்தான் இருக்கிறது.

முதலில் தாயின் உடம்பு. ஆத்தங்குடிக்கல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்க்காமல் பிள்ளையை நோக்கிக் குனிந்தால் பத்தே நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போகும், பிடியும் நழுவும். சிசேரியன் தையல் இருப்பவர் தரையில் உட்காரவே வேண்டாம். கைவைத்த நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று, காலுக்கு அடியில் ஒரு மணை போதும்.

அடுத்து பிள்ளை. காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றை ஒட்டி. மல்லாந்து கிடக்கும் பிள்ளை தலையை மட்டும் திருப்பிக் குடிக்கக் கூடாது. நீங்கள் தோளுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பித் தண்ணீர் குடித்துப் பாருங்கள், காரணம் புரியும். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும், வாய் இல்லை. காம்பு மேலுதட்டில் பட்டால் பிள்ளை தலையைச் சற்றே பின்னால் சாய்த்து வாயைத் திறக்கும். கொட்டாவி விடும் அளவுக்குத் திறக்கும்வரை பொறுத்திருந்து, அந்த நொடியில் பிள்ளையை மாருக்குக் கொண்டு வாருங்கள். மாரைப் பிள்ளை வாயில் திணிக்காதீர்கள். கை பிள்ளையின் தோளுக்கும் கழுத்துக்கும் பின்னால் இருக்கட்டும். பின்னந்தலையில் கை வைத்து அழுத்தினால் பிள்ளை எதிர்த்து முரண்டு பிடிக்கும்; "இவனுக்கு மாரே பிடிக்கலை" என்று பேச்சு வருவது அப்போதுதான்.

நம் வீடுகளில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் காம்பை வைத்துக் கொடுப்பது பழக்கம். அந்த இரண்டு விரலும் கருவட்டத்தின் மேலேயே இருப்பதால் பிள்ளைக்கு வாய் நிறையப் பிடிக்க இடமில்லை. கட்டை விரல் மேலே, மற்ற நான்கு விரலும் கீழே, கருவட்டத்தை விட்டுத் தள்ளிப் பிடித்தால் சரி.

பிடித்துவிட்டதா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் இப்படிப் பார்க்கலாம். தாடை மாரில் பதிந்திருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. கன்னம் உப்பியிருக்கும், குழி விழாது. ஆரம்பத்தில் வேகவேகமாக உறிஞ்சும், பால் இறங்கியதும் நிதானமாகி ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் என்று மாறும். காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய 'க்' சத்தம் கேட்கும். 'டக் டக்' என்று நாக்கு சொடுக்கும் சத்தம் வந்தால் பிடி விட்டுவிட்டது.

கடைசிச் சோதனை, பிள்ளை வாயை எடுத்த அந்த நொடியில். காம்பு உருண்டையாக, சற்று நீண்டு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், எத்தனை நிமிடம் குடித்திருந்தாலும் பிடி சரியில்லை. முதல் சில நொடிகள் சுருக்கென்று இருக்கலாம். அதற்குப் பிறகும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பிள்ளையின் வாயோரத்தில் சுண்டு விரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள். அப்படியே பிடுங்கினால் காம்பு வெடிக்கும்.

தையல் வலிக்காமல் இருக்க இரண்டு வழி. ஒன்று, தாயும் பிள்ளையும் ஒருக்களித்துப் படுத்து, முகத்துக்கு முகம் பார்த்து. மற்றொன்று, பிள்ளையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளுக்கு அடியில் இடுக்கிக்கொள்வது. பெரிய மார் உள்ளவர்களுக்கும் இரட்டைப் பிள்ளைக்கும் இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

காலண்டரில் கோடு போடுங்கள்

சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அன்றைய தாளில் ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு ஈரத்துணிக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு முறை மலம் போனதற்கும் ஒரு பெருக்கல் குறி. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 வேளை வர வேண்டும். ஈரத்துணி முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 6-க்குக் குறையக் கூடாது. மலம் முதலில் தார் போலக் கருப்பு, பிறகு பச்சை, நான்கு ஐந்து நாளில் மஞ்சள். முதல் இரண்டு நாள் துணியில் செங்கல் நிறக் கறை படலாம். நான்காம் நாளுக்குப் பிறகும் பட்டால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நாட்களில் கடையில் வாங்கும் டயப்பரைவிட வெள்ளைத் துணியே மேல், ஈரமும் நிறமும் உடனே தெரியும்.

எடை முதல் சில நாள் குறையும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 200 கிராம் வரை இறங்குவது சாதாரணம். 300 கிராமுக்குப் போனால், அதாவது பத்தில் ஒரு பங்கு, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வர வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்ல ஏற்றம். துணியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே தராசில் நிறுங்கள். மருத்துவமனையில் ஒன்று, அங்கன்வாடியில் ஒன்று என்று மாற்றி நிறுத்துவிட்டு "100 கிராம் குறைஞ்சுபோச்சு" என்று கலங்குவதில் பொருளில்லை.

கோடும் வட்டமும் சரியாக இருந்தால், பிள்ளை அழுதாலும் பால் போதுகிறது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அரை மணிக்கு ஒரு தரம் மாரைத் தேடும் பிள்ளைகள் ஏராளம். அது வழக்கம், குறைவு இல்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு மார் தளர்ந்திருப்பது, பம்ப் வைத்தால் கொஞ்சமே வருவது, கையைச் சப்புவது, பால் குடித்த பிறகும் புட்டியை நீட்டினால் உறிஞ்சுவது எதையும் அத்தாட்சியாக எடுக்காதீர்கள்.

ஏணையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு முற்றத்தை ஒட்டிய வளவில் கட்டிய ஏணையில், அதாவது தூளியில், துணி மூடியிருக்கும் பிள்ளை உதட்டைச் சப்புவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் யார் கண்ணிலும் படாது. அழும்போதுதான் தெரியும், அப்போதும் யாராவது ஆட்டித் தூங்க வைத்துவிடுவார்கள். அழுகை பசியின் கடைசி அறிகுறி. அந்த நிலையில் பிடிக்க வைப்பதும் கடினம். முதல் மாதம் பிள்ளை தாய்க்குக் கை எட்டும் தூரத்தில், தனி விரிப்பில் மல்லாந்து கிடக்கட்டும்.

உண்மையிலேயே குறைந்தால்

எண்ணிக்கை குறைந்தால் முதல் வேலை பிடிமானத்தை மறுபடி பார்ப்பது. இரண்டாவது, இரவு வேளையைத் தவறவிடாதது. "அவ தூங்கட்டும்" என்று இரவில் டின் பால் கொடுத்தால், காலியாகாத மார் சுரப்பைக் குறைத்துவிடும், அடுத்த நாள் இன்னும் பத்தாது. மார் எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். ஒவ்வொரு வேளையும் இரண்டு பக்கமும் கொடுத்து, பிள்ளை அசந்துபோகும்போது மாரை மெதுவாக அழுத்திப் பிடித்துப் பால் இறங்கச் செய்து, முடிந்ததும் 10 நிமிடம் கையால் பீய்ச்சுங்கள்.

பீய்ச்சும் முறை: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, எதிரெதிராக. முதலில் நெஞ்செலும்பை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுவது. தோலின் மேல் வழுக்கித் தேய்க்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. ஒரு நிமிடம் எதுவும் வராமல் இருக்கலாம். விரலை நகர்த்தி நான்கு பக்கமும் செய்யுங்கள்.

பீய்ச்சிய பாலைப் பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். அது எவ்வளவு பிடிக்கும் என்று முன்பே சிரிஞ்சால் அளந்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை முக்கால்வாசி நிமிர்த்தி, சங்கின் மூக்கைப் பிள்ளையின் வாயோரத்தில் வைத்து, சில சொட்டு விட்டு, விழுங்கிய பிறகே அடுத்தது. படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும். மருத்துவர் பவுடர் பால்தான் வேண்டும் என்றால் எத்தனை மில்லி, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதியும் அதில் இருக்கட்டும். 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதும் தாய்க்கு இலவச டப்பா கொடுப்பதும் குற்றம். பேறுகாலப் பையில் தானாக வந்து விழுந்த டப்பாவைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

பிடி சரி, வேளை சரி, இருந்தும் எடை ஏறவில்லை என்றால் தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, பிள்ளையின் நாக்கு ஒட்டு என்று காரணம் இருக்கலாம். இதில் தாயின் முயற்சியில் குறையேதும் இல்லை; அதை வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

பால்கட்டும் புண்ணும்

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார் கல்லாக இறுகும். கருவட்டமும் இறுகிவிடுவதால் பிள்ளையால் பிடிக்க முடியாது. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் வீக்கம் பின்வாங்கிக் கருவட்டம் இளகும், உடனே கொடுக்கலாம். கொடுத்து முடித்ததும் ஈரத்துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். சூடான ஒத்தடம் நெடுநேரம் கொடுத்தாலும் கட்டியைப் போட்டுப் பிசைந்தாலும் வீக்கம் கூடத்தான் செய்யும். மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கான வைத்தியம். வலி போகட்டும் என்று அதைச் செய்துவிடாதீர்கள்.

ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்; அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. ஒரு நாளில் குறையவில்லை என்றால், அல்லது காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், மருத்துவரிடம் போக வேண்டும். வெடித்த காம்புக்கு பிடியைத் திருத்துவதுதான் மருந்து. சொந்தப் பாலையே தடவிக் காற்றாட விடலாம்.

சாப்பாடு

பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, உளுந்தங்களி, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் நல்ல சாப்பாடு, கொடுங்கள். அவை தனியாகப் பாலைப் பெருக்கிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும்; கூடுதலாக ஒரு நேரச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். பத்தியம் என்று காயையும் கீரையையும் நிறுத்துவதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும் வேண்டாம். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் கை எட்டும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

எப்படிப் பேசுவது

"பால் வருதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே 'வராது' இருக்கிறது. "என்னத்தா, இப்ப குடிச்சப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் வலி, பயம், தூக்கமின்மை எல்லாம் வெளியே வரும். சொல்லும்போது குறுக்கே பேசாமல், முதலில் சரியாக இருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்: "நேத்து ஏழு தடவை துணி நனைஞ்சிருக்கு." பிறகு ஒரே ஒரு மாற்றம் மட்டும். ஒரே வேளையில் நாலு திருத்தம் சொன்னால் ஒன்றும் தங்காது. தொட வேண்டும் என்றால் "கை வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, முடிந்தவரை தாயின் கையாலேயே செய்ய வையுங்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களை முகப்பிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பலாம். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் கணவர் வீடியோவில் வரும்போது பாலைப் பற்றி விசாரிக்காமல், தாய் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்டால் போதும். அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலோ, அதை அசட்டையாக விடக் கூடாது. 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

பிள்ளை எழுப்பியும் எழாமல் பால் மறுப்பது, 100.4 டிகிரி காய்ச்சல், தோலின் மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஈரத்துணி மூன்று நான்கோடு நிற்பது: இதில் எதைக் கண்டாலும் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு உங்கள் பகுதி நர்சம்மா இருக்கிறார். தேசியத் திட்டப்படி பிள்ளையைப் பார்க்க வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. அவர் வரும்போது காலண்டர் தாள்களைக் கிழித்துப் போடாமல் எடுத்துக் காட்டுங்கள்.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, கிளம்புவதற்கு முன் தாய்வீட்டில் நடந்த ஏற்பாட்டை மாமியாரிடம் அந்த ஒரு ஆளே நேரில் சொல்லட்டும். வேலைக்குத் திரும்புகிறவர் இரண்டு வாரம் முன்பிருந்தே காலை முதல் வேளைக்குப் பிறகு பீய்ச்சிச் சேமிக்கத் தொடங்கலாம். 25 டிகிரி குளிர்ச்சியில் 4 மணி நேரம் தாங்கும் பால், நம்மூர்க் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். 4 நாள் வரை வைக்கலாம் என்றாலும் கரண்ட் போய்வரும் ஊரில் 24 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எடுத்த பாலை அடுப்பில் காய்ச்சாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்துக் குளிர் போக்கிக் கொடுங்கள். குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். வழியில் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறை உண்டு. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள்.